எம்4ஏ கோப்பு ஆடாசிட்டியில் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'எங்கள் ஊர் ஏரி' கட்டுரையை நோட்டில் எழுதிவிட்டு, அதையே 3 நிமிட ஒலிப்பதிவாகவும் பேசி வரச் சொன்னேன். நாலு வரி தாண்டாத பையன் மதகு, மடை, கலங்கல் என்று பேசித் தள்ளியிருக்கிறான்!

வீட்டு ஆண்ட்ராய்டு போன்களில் பதிந்த 34 கோப்பும் எம்4ஏ. லேப் கணினியில் விண்டோஸ் 10, ஒலி எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டி 2.4.2. திறந்தால், எம்4ஏ-வைப் படிக்கத் தேவையான எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் இல்லை என்கிறது. அதை நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. பெயரை எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஆன்லைனில் மாற்றலாமென்றால் நெட் பாதியில் அறுந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை எடிட்டிங் வகுப்பு.

கணினியில் எதையும் நிறுவாமல், 34 கோப்பையும் மொத்தமாக, ஆடாசிட்டி நேரடியாகத் திறக்கும் வேவ் (WAV) ஒலிக்கோப்பாக ஆக்க என்ன வழி?