அடுத்த பருவத்தில் இத்தனை விழாக்களா? இறுதியாண்டு மாணவர்களை விட்டுவிடலாமே!

கணக்கு வாத்தியார்:
எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அடுத்த பருவ நாட்காட்டி ஆசிரியர் அறைச் சுவரில் ஏறிவிட்டது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, மாணவர் பேரவைத் தேர்தல், நாடகப் போட்டி, கல்விச் சுற்றுலா, கடைசியில் ஆண்டு விழா. விழா என்னவோ ஒரு நாள்தான். ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும், அவ்வளவு நாளும் என் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். நடத்திய பாடத்தையே திரும்ப நடத்த எனக்கு நேரமில்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு இவை எல்லாவற்றிலிருந்தும் விலக்கு அளிக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

திரைக்குப் பின்னால்:
மறுக்கிறேன் ஐயா. நான் நாடகக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்பது விலக்கு இல்லை, தடை. விலக்கு என்றால் வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். நீங்கள் ஆசையாக வருபவர்களையும் வாசலில் நிறுத்துகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விளக்குப் பலகையை இயக்கத் தெரிந்தவர்கள் இறுதியாண்டு மாணவர்கள்தாம். வசனம் மறந்தவருக்கு அடிக்குரலில் எடுத்துக்கொடுப்பது, விளக்கு அணைந்த சில நொடிகளில் சத்தமில்லாமல் நாற்காலியை இடம் மாற்றுவது, இவற்றையெல்லாம் இளையவர்கள் அவர்கள் பக்கத்தில் நின்றுதான் பழகுகிறார்கள். ஓராண்டு அந்தத் தொடர்பு அறுந்தால் மறு ஆண்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரு பிள்ளைகளின் தாய்:
நீங்கள் இருவரும் பேசுவது மேடையேறும் பிள்ளைகளைப் பற்றி மட்டும். என் மூத்த மகள் தொகுப்பாளர், பேச்சுப் போட்டியாளர், பேரவைச் செயலாளர், கண்காட்சியில் வழிகாட்டி. எல்லாவற்றுக்கும் அவளையே கூப்பிடுகிறார்கள். அதே பள்ளியில் படிக்கும் இளையவனை எந்த நிகழ்ச்சிக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவதுதான் அவனுடைய பங்கு. வரும் பருவத்திலும் இருவருக்கும் இதே நிலைதான் என்று இப்போதே சொல்லிவிடுவேன். ஒருத்திக்கு மூச்சுவிட நேரமில்லை, ஒருவனுக்கு வேலையே இல்லை. இதில் யாருக்கு ஐயா விலக்கு?

நூலகவாசி:
அம்மா எழுதியதுதான் இந்த விவாதத்தின் மையம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் ரோஜர் பார்க்கர், பால் கம்ப் ஆகியோர் ஆய்வு செய்து 1964-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய பள்ளிகளில் நிகழ்ச்சி வகைகள் கூடுதலாக இருந்தன. ஆனால் பொறுப்பான இடங்களில் நின்று பங்கேற்ற அனுபவம் சிறிய பள்ளி மாணவர்களுக்கே அதிகம் கிடைத்திருந்தது. காரணம் எளியது. ஆள் குறைவான இடத்தில் சுமாராக நடிப்பவனையும் கூப்பிட்டே ஆக வேண்டும். அவன் இல்லாவிட்டால் நாடகமே இல்லை. ஆள் மிகுந்த இடத்தில் அவன் தேவைப்படுவதில்லை, பார்வையாளனாகிவிடுகிறான்.

ஆகவே நாட்காட்டியில் எத்தனை விழா என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. ஒரு விழாவுக்கு எத்தனை பிள்ளைகள் இன்றியமையாதவர்கள் என்று கேளுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு பொறுப்புகளுக்கு மேல் இல்லை என்று விதி செய்தால், மூத்த மகளுக்கு ஓய்வும் இளைய மகனுக்கு வேலையும் ஒரே நேரத்தில் கிடைக்கும். கணக்கு வாத்தியாரின் காலி இருக்கைகளும் குறையும்.

திரைக்குப் பின்னால்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டி என்று ஒன்று இருக்கிறதே! வேறு பள்ளிகளோடு மோதும் நாடகத்தில் நன்றாக நடிப்பவளை 'உன் இரண்டு முடிந்துவிட்டது' என்று உட்கார வைக்க என்னால் முடியாது. ஆண்டு விழாவுக்கு வேண்டுமானால் உங்கள் விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயதுள்ளோருக்குப் பரிந்துரைப்பது 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். மாலை ஒத்திகை முடிந்து வீடு போய், வீட்டுப்பாடம் எழுதி, எப்போது படுப்பார்கள்? ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) 31-ஆம் பிரிவில் ஓய்வையும் உரிமை என்றுதான் சொல்கிறது.

திரைக்குப் பின்னால்:
அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள் ஐயா. ஓய்வுக்கு அடுத்தபடியாக விளையாட்டும், கலை வாழ்வில் தடையின்றிப் பங்குபெறுவதும் அதே பிரிவில்தான் வருகின்றன. இருக்கட்டும், பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டிக்காக நீங்களும் பள்ளி விட்ட பிறகு இறுதியாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறீர்கள் அல்லவா? அந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டாமா?

கணக்கு வாத்தியார்:
அது பாடத்தோடு சேர்ந்தது.

கடைசி பெஞ்ச்:
நான் இறுதியாண்டு மாணவன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எங்களிடம் யாரும் கேட்கவில்லையே! அதே உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது.

ஒத்திகை எங்களைச் சோர்வாக்குவதில்லை, காத்திருப்பதுதான் சோர்வு. குழு நடனத்துக்கும் நாடகத்துக்கும் வரவேற்புரைக்கும் எல்லாரையும் ஒரே நேரத்தில் அரங்குக்கு அழைத்துவிடுகிறார்கள். ஒலிவாங்கி வரவில்லை, பாட்டுக் கோப்பு திறக்கவில்லை, தலைமையாசிரியர் வந்து பார்த்த பிறகுதான் தொடங்குவோம் என்று பொழுது போகிறது. என் பங்கு பத்து நிமிடம், உட்கார்ந்திருப்பது அரை நாள். யாருக்கு எந்த நேரம் என்று முதல் நாளே ஒட்டிவிட்டால் பாதி வகுப்புகள் தப்பிக்கும்.

பேரவைத் தேர்தல் பற்றி யாருமே பேசவில்லை. மதிப்பெண் பார்த்து ஆசிரியர்கள் வடிகட்டிக் கொடுக்கும் மூன்று பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குத் தேர்தல் எதற்கு? நேரடியாக நியமித்துவிட்டால் ஒரு நாள் மிச்சம்.

இரு பிள்ளைகளின் தாய்:
தம்பி, நேர அட்டவணை யோசனை நன்று. விளையாட்டு விழாவையும் யாராவது பாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் தகுதிச் சுற்றிலேயே பெரும்பாலோர் வெளியேறிவிடுகிறார்கள். வகுப்பு முழுவதும் ஓடும் தொடர் ஓட்டம் ஒன்றைச் சேர்த்தால் என் பையனும் காலணி மாட்டுவான்.

கணக்கு வாத்தியார்:
சரி, தடை என்பதை விட்டுவிடுகிறேன். காலை முதல் மூன்று பாடவேளைகளில் ஒத்திகைக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். இதற்குக் கீழே இறங்க முடியாது. ஒலிம்பியாட் பயிற்சியை இரண்டு பொறுப்புக் கணக்கில் சேர்ப்பதையும் ஏற்கமாட்டேன்.

திரைக்குப் பின்னால்:
அரங்கம் எனக்குக் காலையில்தான் கிடைக்கிறது ஐயா. பிற்பகலில் அங்கே இறகுப்பந்து நடக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் பதில் சொல்லுங்கள்.