நகராட்சிப் பணியில் விருப்ப ஓய்வு: 5 ஆண்டு வெயிட்டேஜ் எப்படிக் கணக்காகும்?

கேள்வி:
நகராட்சியில் இளநிலை உதவியாளர், பழைய ஓய்வூதியத் திட்டம். வயது 51. பணியில் சேர்ந்து 25 ஆண்டு 2 மாதம். இடையில் 14 மாதம் ஊதியமில்லா விடுப்பு, மருத்துவச் சான்று இல்லை. இப்போதே விருப்ப ஓய்வு கொடுத்தால் முழு ஓய்வூதியம் வருமா? ஊக்கத்தொகை என்று தனியாக ஏதும் உண்டா?

பதில் 1:
மொத்தத் தொகையாக எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் சலுகை என்றால் வெயிட்டேஜ்தான், அதாவது ஓய்வூதியக் கணக்குக்காகப் பணிக்காலத்தோடு கூட்டும் ஆண்டுகள். அடிப்படை விதி 56(3)-ன்படி 50 வயது அல்லது 20 ஆண்டு தகுதிப் பணி (ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் பணிக்காலம்) முடிந்தவர் கேட்கலாம். அதிகபட்சம் 5 ஆண்டு கூட்டுவார்கள். மொத்தம் 30 ஆண்டைத் தாண்டாது, ஓய்வு வயதுக்கு எஞ்சிய காலத்தையும் தாண்டாது.

மருத்துவச் சான்று இல்லாத அந்த 14 மாதம் தகுதிப் பணியில் சேராது. ஆக உங்களுக்கு 24 ஆண்டுதான். 24+5=29. கடைசி ஊதியம் ரூ.60,000 என்று வைத்தால், பாதி 30,000; 30 ஆண்டு (60 அரையாண்டு) இருந்தால் அதுவே முழு ஓய்வூதியம். உங்கள் 29 ஆண்டுக்கு (58 அரையாண்டு) அதில் 58/60 பங்கு ரூ.29,000, அகவிலைப்படி தனி. இன்னும் ஓராண்டு பொறுத்தால் 30 முழுசாகி விடும், ஒரு ஊதிய உயர்வும் சேரும். அவசரம் இல்லையென்றால் பொறுப்பதே லாபம்.

பதில் 2:
கடிதத்தில் 'ராஜினாமா' என்ற சொல்லே வரக்கூடாது. ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுதும் பறிபோகும். 'அடிப்படை விதி 56(3)-ன் கீழ் விருப்ப ஓய்வு' என்று எழுதி, நியமன அதிகாரிக்கு நேரடியாகவும் உடனடி மேலதிகாரிக்கு நகலும் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மூன்று மாத அறிவிப்பில் கொடுத்த நாளும் முடியும் நாளும் சேராது. ஒழுங்கு நடவடிக்கையோ அரசுக்கு நிலுவையோ இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். வீட்டுக்கடன், முன்பணம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

பதில் 3:
கடிதம் கொடுக்குமுன் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். நகராட்சி ஊழியர் கோப்பு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்குத்தான் போகும், மாநிலக் கணக்காயருக்கு அல்ல. வேறு நகராட்சியில் இருந்த காலத்துக்குப் பணி சரிபார்ப்புப் பதிவு விட்டுப்போயிருந்தால் கோப்பு தணிக்கையிலேயே நிற்கும். அந்த ஊர் அலுவலகத்தில் பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுக்கவே மாதக்கணக்கில் ஆகலாம்.

கேட்டவர்:
1.4.2003-க்குப் பிறகு சேர்ந்த நண்பருக்கும் இதே வெயிட்டேஜா?

பதில் 1:
அவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் இல்லை. அதில் பணிக்காலத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிடுவதில்லை, அதனால் கூட்டுவதற்கும் ஒன்றுமில்லை. உங்களுக்கு: அறிவிப்புக் காலம் முடியும் முன் மனம் மாறினால், நியமன அதிகாரி அனுமதியோடு திரும்பப் பெறலாம்.