புதுப்பிப்பு: 1/72 சோர்ட்பிஷ், கீழ் இறக்கையின் நிறம்

நம்மட மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் சோர்ட்பிஷ் (இரட்டை இறக்கைப் போர் விமானம்) 1/72 அளவு மாதிரிக்கு, இரண்டு இறக்கைக்கும் ஒரே நிறம் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கால இரட்டை இறக்கை விமானத் திட்டப்படி போதாது. மேல் இறக்கையின் மேற்பக்கம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. கீழ் இறக்கையின் மேற்பக்கம் வெளிறிய ஜோடி: டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் விழுந்து கறுத்துத் தெரிவதைச் சமப்படுத்தத்தான் இந்த வெளிறல்.

ஆகவே இறக்கைகளைப் பூட்டுமுன்னே பூசிவிடுங்கள். இரு இறக்கைக்கும் நடுவே தாங்குகம்புகள் ஏறினால் எயார்பிரஷ் (காற்றால் நிறம் தெளிக்கும் கருவி) உள்ளே போகாது. நிற எல்லைக்கு புளூடாக்கை (களிமண் போன்ற ஒட்டுப்பசை) மெல்லிய திரியாக உருட்டி ஒட்டி, எயார்பிரஷை நேர்மேலே பிடிக்க வேண்டும். சரித்தால் நிறம் திரிக்கு அடியில் புகுந்து ஓரம் புகைபோலப் படரும். வாவிக்கரை ஈரக்காற்றில் லக்கர் பெயின்ட் வெள்ளை பூத்தால், தின்னரில் கொஞ்சம் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேருங்கள்.