முகத்தை விட்டு இறங்கிய கேமரா

வெண்முகில்:

ஒரு விளையாட்டில் முழுதாக மூழ்கியிருக்கும்போது, "இது உனக்காகச் செய்யப்பட்டது இல்லை" என்று திரையே சொல்லிவிட்டது போன்ற நொடி உங்களுக்கு வாய்த்ததுண்டா? எனக்கு உண்டு. முதலில் நான் எழுதுகிறேன். பிறகு நீங்கள் எழுதுங்கள்.

2010இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 2'. விண்கலத்தின் தளபதி ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் பெண்ணாக ஆடினேன். அவள் முகத்தை அமைக்கவே ஒரு மாலைப் பொழுது போயிற்று. குழுவில் மிராண்டா என்றொருத்தி இருப்பாள். மரபணுக்களைப் பொறுக்கியெடுத்து அவளை உருவாக்கியவர் அவளுடைய தந்தை. தங்கையும் அதே பிடியில் வளரக் கூடாது என்று, கைக்குழந்தையாக இருந்தவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள் மிராண்டா. எடுத்த எடுப்பில் இதையெல்லாம் சொல்லிவிட மாட்டாள். பல மணி நேரம் கூடவே நின்று சண்டையிட்டு, நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான் வாயைத் திறப்பாள்.

திறந்தாள். குரல் இறங்கியது. கேமராவும் இறங்கியது. அவளுக்குப் பின்னால், இடுப்புக்கும் கீழே போய் நின்றுகொண்டது. இறுகிய உடைக்குள் அவளுடைய பின்புறம் திரையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்க, அதற்கு அப்பால் என் ஷெப்பர்ட் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறையில் தம்பியும் இருந்தான். இருவரும் எதுவும் பேசவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் ஷெப்பர்ட் நான்தானே? மிராண்டாவுக்கு எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அப்படியானால் பின்னாலிருந்து பார்த்தது யார்? அன்றிலிருந்து எந்த விளையாட்டைத் தொட்டாலும் கேமரா எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கடைசிக் கட்டம்:

நான் ஆண். அந்தப் பின்னாலிருந்த கண் என்னுடையது என்று வைத்துத்தான் செய்தார்கள், தெரியும். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

1986இல் வந்த 'மெட்ராய்ட்' விளையாட்டை நானும் என் அக்காவும் ஒரு பழைய கருவியில் ஆடினோம். அந்த விளையாட்டுக்குள் வரைபடம் கிடையாது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிச் சுரங்கங்கள். அக்காதான் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வோர் அறையாக வரைந்தாள். கதவுக்குச் சிவப்பு, ஏவுகணை கிடைக்கும் இடத்துக்குப் பச்சை, ஏமாற்றும் தரைக்குப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. நான் ஆட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து "இடது பக்கம், கீழே, பார்த்து" என்று சொல்வாள்.

முதன்முறை முடித்தபோது, அதுவரை நாங்கள் இயக்கிவந்த கவச உருவமான சாமஸ் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பெண்! விளையாட்டோடு வரும் ஆங்கிலக் கையேட்டில்கூட 'அவன்' என்றுதான் எழுதியிருந்தது. அக்கா நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு என் தோளில் ஓங்கி அடித்தாள். அவ்வளவு சந்தோஷத்தில் அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சீக்கிரம் முடித்தால் முடிவு மாறும் என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் வரைபடத்தை வைத்து நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். கவசம் முழுதாகக் கழன்றது. உள்ளாடை போன்ற உடையில் நின்றாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்த அன்று பிகினியில் நின்றாள். நான் கத்திக் கொண்டாடினேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா நோட்டை மூடிக்கொண்டிருந்தாள். "நல்லா ஆடினே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு எனக்கு அவள் வரைபடம் வரையவில்லை.

வேகத்துக்குப் பரிசாக அந்தப் பெண்ணின் உடையைக் கழற்றித் தந்தார்கள். வழியைக் கண்டுபிடித்தவள் என் அக்கா. இதை இத்தனை நேராக எனக்கு நானே சொல்லிக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நீலக்குடை:

சிறிய அனுபவம்தான். நான் பருமனானவள். நம் பாத்திரத்தை நாமே வடிவமைக்கும் ஒரு விளையாட்டில் என்னைப் போல் ஒருத்தியைச் செய்யலாம் என்று ஆசையாக உட்கார்ந்தேன். உடல் எடைக்கான ஸ்லைடரை வலது ஓரம் வரை இழுத்தேன். வயிறு அசையவில்லை. இடுப்பு ஒரு விரற்கடை அகலவில்லை. மார்பு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. திரும்ப இடது ஓரத்துக்கு இழுத்தேன், மறுபடி வலது ஓரத்துக்கு. மார்பு மட்டும்தான். ஆண் பாத்திரத்துக்கு மாற்றிப் பார்த்தால் தொப்பை, கழுத்துச் சதை, தடித்த தோள் எல்லாம் வந்தது.

அந்த உடலுக்குள் இருந்துகொண்டு ஆடுவது மனத்தை என்ன செய்யும் என்று ஜெசி ஃபாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெய்நிகர் உலகில் கவர்ச்சி உடையணிந்த உருவமாக இருந்த பெண்கள், சாதாரண உடையிலிருந்தவர்களைவிடத் தங்கள் உடலைப் பற்றியே அதிகம் எண்ணினார்கள். அந்த உருவத்துக்குத் தங்கள் சொந்த முகமே பொருத்தப்பட்டிருந்தபோது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர் மீதே பழிபோடும் எண்ணங்களை ஏற்கும் போக்கும் கூடியிருந்தது. படித்ததும் அந்த ஸ்லைடர்தான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு வெகுநேரம் கண்ணாடி முன் நின்றிருந்தேன்.

எலும்பு வைப்பவள்:

மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளாக அனிமேஷன் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு பாத்திரம் அசைய அதன் உருவத்துக்குள் எலும்புகளைப் பொருத்த வேண்டும். ரிக்கிங் என்போம். முதுகுத்தண்டுக்கு நாலைந்து, ஒவ்வொரு விரலுக்கும் மூன்று என்று கணக்கு இருக்கிறது. மார்புக்கும் தனி எலும்புகள் வைப்பதுண்டு. உடல் நின்ற பிறகு அவை சற்றுப் பிந்தி வந்து நிற்கும்படி விறைப்புக்கு ஓர் எண், தணிப்புக்கு ஓர் எண் கொடுப்போம். புதிய வழக்கமும் இல்லை இது. 1992இல் வந்த 'ஃபேட்டல் ஃபியூரி 2' என்ற சண்டை விளையாட்டில், தட்டையான சில படங்களால் ஆன அசைவிலேயே, மாய் ஷிரானுயி என்ற வீராங்கனையின் மார்பு குலுங்குவதற்கென்று படங்கள் வரைந்திருந்தார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்டவள் வாள் வீசும் வீராங்கனை. மார்பில் இரும்புக் கவசம். இரும்பு அசையாது என்பதால் விறைப்பை உச்சத்தில் வைத்து அனுப்பினேன். "உயிர் இல்லை" என்று திரும்பி வந்தது. குறைத்தேன். மறுபடியும் வந்தது. நான் வரையாத, கேட்காத ஒரு காணொளியை 'இப்படி' என்று இணைத்திருந்தார்கள். கடற்கரையில் ஓடும் ஒரு பெண். கடைசியாக ஏற்றுக்கொண்ட பதிப்பில் அவள் சும்மா நின்று மூச்சு விடும்போதே இரும்பு தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. இதற்கு மூன்று வாரங்கள். அதே மாதத்தில், அவள் ஓடும்போது பாதம் தரையில் சறுக்குகிறது, சரிசெய்ய இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கவில்லை. சறுக்கும் பாதத்தோடுதான் விளையாட்டு வெளிவந்தது. ஆடியவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். அந்தப் பாதத்துக்காக இன்றும் மனம் உறுத்துகிறது.

அந்தக் கவசத்தின் வடிவத்துக்காகவும் மல்லுக்கட்டினேன். நெஞ்சின் நடுப்பகுதி முன்னே எழும்பியிருந்தால், விழும் வெட்டு வழுக்கி இரு பக்கமும் விலகிப் போகும். இரண்டு கிண்ணங்களாகப் பிரித்துப் புடைக்க வைத்தால் வெட்டு நடுப்பள்ளத்தில் இறங்கி நேராக நெஞ்செலும்பில் போய் விழும். ஆண் பாத்திரத்துக்கும் அதே கவசம்தான், அதே பெயர்தான், அதே தற்காப்பு மதிப்புதான். அவனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருந்தது. அவளுக்கு வயிறும் தொடையும் வெளியே.

2014இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யின் கூட்டு ஆட்டத்தில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அனிமேஷன் வேலை இரட்டிப்பாகிவிடும் என்று அதன் குழுவினர் காரணம் சொன்னார்கள். அந்தத் தொடரில் முன்பு பணியாற்றிய ஜொனாதன் கூப்பர் என்ற அனிமேட்டர், அது ஒன்றிரண்டு நாள் வேலை என்று பொதுவெளியில் எழுதினார். என் மூன்று வாரங்களை நினைத்துக்கொண்டேன். பெண்ணை விளையாட்டுக்குள் கொண்டுவர நேரமில்லை என்பார்கள். குலுக்குவதற்கு எத்தனை வாரம் வேண்டுமானாலும் ஒதுக்குவார்கள்.

கருங்கூந்தல்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தோல் தெரிவதே குற்றம் என்ற இடத்துக்குப் பேச்சு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. 2009இல் வந்த 'பேயோனெட்டா' எனக்கு உயிர். அதே பெயருடைய அதன் நாயகியை வடிவமைத்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண். தலைமுடியே அவளுக்கு உடை; பெரிய தாக்குதல் தொடுக்கும்போது முடி ஆயுதமாக மாறிவிடும், உடை குறைந்துவிடும். சொல்லக் கேட்டால் அருவருப்பாக இருக்கும். ஆடும்போது எனக்கு அப்படி இருந்ததே இல்லை. அவள் கேமராவைப் பார்க்கிறாள். அது எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். பதின்ம வயதில் உடம்பைத் துப்பட்டாவாலும் பையாலும் மறைத்துக்கொண்டு நடந்த எனக்கு, நிமிர்ந்து நடக்கலாம் என்று காட்டியவள் அவள். அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெண்முகில்:

விட்டுக்கொடுக்கவே வேண்டாம் தோழி. மிராண்டாவுக்குத் தன் பின்னால் கேமரா இருப்பது தெரியாது. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான். ஆனால் 'பேயோனெட்டா'வில் கேமரா அவளையும் மீறிப் போகும் இடங்கள் உண்டு என்றே எனக்குப் படுகிறது. ஒரு நாள் சேர்ந்து ஆடிப் பார்ப்போம்.

மழைக்காலப் பாசறை:

'மெட்டல் கியர் சாலிட் 5', 2015. குவையட் என்ற, தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் பெண் கிட்டத்தட்ட ஆடையில்லாமல் இருப்பாள். அவள் தோலால் மூச்சு விடுகிறாள், உடை போட்டால் மூச்சு முட்டும் என்பது கதை தரும் விளக்கம். விமர்சனம் எழுந்தபோது, உண்மைக் காரணம் தெரிந்ததும் வெட்கப்படுவீர்கள் என்று இயக்குநர் ஹிதேயோ கோஜிமா 2013இலேயே சொல்லியிருந்தார். நான் அதை நம்பி இரண்டு ஆண்டுகள் நண்பர்களோடு வாதாடினேன். ஒரு தோழியிடம் கடுமையாகவே பேசினேன்.

விளையாடினேன். காரணம் தெரிந்தது. வெட்கம் வந்தது, தோழியிடம் பேசியதற்காக. 2004இல் வந்த மூன்றாம் பாகத்தில் வெயிலை உண்டு வாழும் முதிய ஸ்னைப்பர் ஒருவர் உண்டு. அவர் கழுத்து வரை உடை போட்டிருப்பார். அவருக்கு அப்படியொரு சட்டத்தை யாரும் எழுதவில்லை. அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இரும்புத் தட்டு:

பளு தூக்குகிறேன். போட்டிகளுக்குப் போவதில்லை, எனக்காகத்தான்.

2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பெண் பாத்திரம் முதன்முதலாகக் கையைத் திருப்பியபோது ஆட்டத்தை நிறுத்திவைத்தேன். முழங்கைக்குக் கீழே புடைத்த நரம்பு. தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் தடித்த தசை. சட்டைக் கையைச் சுருட்டி என் கையைத் திரைக்கு அருகே வைத்துப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து ஆடியிருக்கிறேன், என் கை ஒரு விளையாட்டில் வந்தது அதுதான் முதல்முறை.

அன்றிரவு கூட்டு ஆட்டத்தில் குரல்வழிப் பேச்சைத் திறந்தால், நான் பல மாதங்களாக ஆடும் அதே குழு, "இதெல்லாம் பெண்ணா?" என்று பேசிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு இப்படிக் கை வராதாம். ஆபியின் உடலுக்கு மாதிரியாக இருந்தவர் காலீன் ஃபாட்ச் என்ற விளையாட்டு வீராங்கனை. ஒரு பெண்ணுக்கு அப்படி வந்த உடல்தான் அது. நான் மைக்கைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பிறகு, 2022இல் வந்த 'ஹொரைசன்' தொடரின் அடுத்த பாகத்தில் நாயகி ஏலாயின் கன்னத்தில் மெல்லிய பூனைமுடி தெரிந்ததற்கும் கூச்சல் போட்டார்கள். எல்லார் கன்னத்திலும் இருக்கும் முடி அது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டார்கள். என் கையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

எலும்பு வைப்பவள்:

இரும்புத் தட்டு, அந்த முழங்கை நரம்பை யாரோ ஓர் ஓவியர் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்திருப்பார். அதற்கு நேரம் கொடுத்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

வெண்முகில்:

எல்லோருடையதையும் படித்தேன். அக்காவின் நோட்டைப் பற்றிப் படித்த பிறகு வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை.

என் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். 2021இல் 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டார்கள். மிராண்டாவின் சில காட்சிகளில் கேமராக் கோணத்தை மாற்றியிருப்பதாக உருவாக்கியவர்களே சொன்னார்கள். வசனம் மாறவில்லை, குரல் மாறவில்லை, அவள் உடையும் மாறவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே பல மணி நேரம் மறுபடி ஆடினேன். தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தங்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கேமரா மேலேயே நின்றது.

தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாளா?" என்று கேட்டான். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பும் இதே அறையில், இதே வசனத்தை அவன் முழுதாகக் கேட்டிருந்தான்.