பிளான்ட் ஏலில் வெண்ணெய் மணம்: அது இயல்பா, குறையா?

நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பனியன் தொழில் தொடர்பாக அடிக்கடி பெங்களூரு சென்று வருகிறேன். நம் ஊர்க் கடைகளின் பாட்டில் பீரை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அங்குள்ள மைக்ரோ புரூவரிகளில் தொட்டியிலிருந்து நேரே குழாய் வழியாக ஊற்றித் தரும் பீர் புதிய பழக்கம். அண்மையில் இந்திரா நகர்ப் பக்கம் ஒரு சிறிய இடத்தில் பிளான்ட் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகையைக் கேட்டு வாங்கினேன். வைக்கோல் நிறம், லேசான கலங்கல், இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணுரை எனப் பார்வைக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முகர்ந்தபோது, ஊத்துக்குளி வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் எழுமே, அதே மணம் எழுந்தது. குடித்தபோது நாக்கில் ஒரு வழவழப்பும் இனிப்பும், கடைசியில் மெல்லிய கசப்பும் தெரிந்தன. புளிப்பு இல்லை. உடன் வந்த நண்பர், “ஏல்னா அப்படித்தானுங்க இருக்கும்” என்று முடித்துவிட்டார். வேறோர் இடத்தில் இதே பெயரில் நான் குடித்ததில் வெண்ணெய் வாசமே இல்லை. பிஸ்கட் மணமும் சிறிது தேன் சாயலும்தான் இருந்தன. இவற்றில் எது உண்மையான பிளான்ட் ஏல்?

மருதமலை அடிவாரம் (கோவை)

நண்பரே, தாங்கள் இரண்டாவதாகச் சொன்னதே அந்த வகைக்கு அருகில் இருக்கிறது. பீரின் இரு பெரும் பிரிவுகள் ஏல், லாகர்; இந்தப் பிரிவுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. வேறுபாடு ஈஸ்டிலும் வெப்பநிலையிலும் இருக்கிறது. லாகர் ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் மெதுவாக நொதிக்கும். ஏல் ஈஸ்ட் 18, 20 டிகிரியில் விரைவாக வேலையை முடிப்பதோடு லேசான பழ மணத்தையும் விட்டுச் செல்லும். லாகருக்கே பழகிய வாடிக்கையாளர்களைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காக அமெரிக்கச் சிறு புரூவரிகள் பரப்பிய வகை பிளான்ட் ஏல். ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 5.5 விழுக்காடு வரை இருக்கும். கசப்பு குறைவாகவும் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு அடக்கமாகவும் இருக்கும். பெல்ஜியன் பிளான்ட் என்பது 6 விழுக்காட்டுக்கு மேல் செல்லும் வேறு வகை என்பதால், பட்டியலில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வறுத்த மால்ட்டின் கருமையோ ஹாப்ஸ் என்ற பூவின் கடுங்கசப்போ பிளான்ட் ஏலில் இல்லாததால், ஒரு சிறு தவறுகூட மறையாமல் வெளியே தெரிந்துவிடும். அதனாலேயே புதிய இடத்துக்குப் போனால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். தண்ணீரின் தரம்கூடச் சுவையில் வந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் போன்ற உப்புக் குறைந்த நீர் இதற்கு மிகப் பொருத்தம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் கசப்பு கரடுமுரடாகிவிடும். வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள், நம் மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

தயிர்மத்து (ஈரோடு)

நான் பால்பொருள் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன், பீர் குடிப்பதில்லை. ஆனால் நொய்யல்கரை அண்ணா குறிப்பிட்ட மணம் எங்கள் அன்றாட வேலையில் வருவது. அதன் பெயர் டைஅசெட்டில். தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெயின் மணத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது. ஆகவே ஊத்துக்குளி வெண்ணெய் நினைவுக்கு வந்தது தற்செயல் அல்ல. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். வெண்ணெயில் அதைப் பாக்டீரியா உண்டாக்குகிறது. பீரில் ஈஸ்ட் வெளியிடும் ஓர் இடைப்பொருள், செல்லுக்கு வெளியே தானாக மாறி டைஅசெட்டில் ஆகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருடைய மூக்குக்கு எட்டிவிடும்.

நொதித்தல் முடியும் தறுவாயில், போதிய அவகாசமும் வெதுவெதுப்பும் கொடுத்தால், அந்த ஈஸ்டே டைஅசெட்டிலைத் திரும்ப உள்வாங்கி ஏறத்தாழ மணமற்ற பொருளாக மாற்றிவிடும். அதற்குள் அவசரப்பட்டுத் தொட்டியைக் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வெண்ணெய் மணம் பீரிலேயே தங்கிவிடும். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. சிறிதளவு பீரை மூடிய பாத்திரத்தில் 60 டிகிரி சூட்டில் இருபது நிமிடம் வைத்துக் குளிரவிட்டு, சூடாக்காத பீரோடு ஒப்பிட்டு முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணம் வந்தால் இடைப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது, தொட்டியைக் குளிர்விக்கும் நேரம் வரவில்லை என்று பொருள்.

குழாய்களைச் சரியாகக் கழுவாவிட்டாலும் இந்த மணம் வரும். அங்கே வளரும் பாக்டீரியா பெரும்பாலும் புளிப்பையும் சேர்த்தே கொடுக்கும். அண்ணா புளிப்பு இல்லை என்று எழுதியிருப்பதால், என் ஊகம் அவசரத்தின் பக்கமே சாய்கிறது.

கோபிக்காரன் (தற்போது பெங்களூரு)

அம்மணியின் விளக்கம் அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வெண்ணெய் மணம் எல்லாப் பீரிலும் குறை ஆகிவிடாது. செக் நாட்டுப் பில்ஸ்னர் லாகர் சிலவற்றிலும் ஆங்கிலேய ஏல்களிலும் சிறு அளவில் அதை ஏற்றுக்கொள்வார்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பிளான்ட் ஏலில் அதற்கு இடமில்லை என்பதில் மருதமலை அண்ணன் பக்கமே நிற்கிறேன்.

வார இறுதிகளில் இங்கே கூட்டம் தாங்காது. தொட்டிகள் சிலவே உள்ள இடத்தில் ஒரு வகை தீர்ந்துவிட்டால், அடுத்ததை இன்னும் இரண்டு நாள் தொட்டியில் விட்டுவைக்காமல் குழாய்க்குக் கொண்டுவரும் ஆசை யாருக்கும் வரும். பெரும்பாலான இடங்களில் சிறு கோப்பைகளில் எல்லா வகையையும் தட்டாகத் தருகிறார்கள். அதில் பிளான்டை முதலில் சுவையுங்கள், ஸ்டவுட் என்ற கரும்பீருக்கும் ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த ஏலுக்கும் பிறகு குடித்தால் தண்ணீர் போலவே தோன்றும். பனி போல் குளிர்ந்திருந்தால் மணம் எழாது, சில நிமிடங்கள் கையில் வைத்திருந்து பிறகு முகர வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி மிளகாய்க் காரத்தோடு ஐபிஏவின் கசப்பு எரிச்சலைக் கூட்டும். பிளான்ட் அதற்கு நல்ல துணை. ஆனாலும் முதல் கோப்பையை வெறும் வாயில் குடித்து முடித்த பிறகே சிக்கன் தட்டைத் தொடுங்கள்.

அடுத்த முறை அதே மணம் வந்தால், பீர் தயாரிப்பவரை அழைத்துத் தரச் சொல்லுங்கள். இத்தகைய சிறு இடங்களில் அவர் பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகளோடுதான் இருப்பார். “பிடிக்கவில்லை” என்று சொன்னால் வேறு கோப்பை வரும், அவ்வளவுதான். “டைஅசெட்டில் தெரிகிறது, எத்தனை நாள் தொட்டியில் இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள், நல்ல ஆளாக இருந்தால் அவரே ஒரு கோப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

நொய்யல்கரை (திருப்பூர்)

மூவருக்கும் நன்றி. நான் குடித்தது ஒரு சனிக்கிழமை இரவு, பட்டியலில் அதற்கு எதிரே “இன்று புதியது” என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். அடுத்து ஒரு செவ்வாயோ புதனோ போய்க் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.