மறுமொழி: ஈ.எம்.டி.ஆர். – விழியசைவா, நினைவுச் செரிப்பா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். விபத்து போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கான ஈ.எம்.டி.ஆர். (Eye Movement Desensitization and Reprocessing) சிகிச்சைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. வந்த மறுமொழிகளுக்கு என் பதில்.

> "விழியசைவு உணர்வுநீக்க மறுசெயலாக்கச் சிகிச்சை" என்று வைத்துவிடலாமே. ஒவ்வொன்றுக்கும் நேர்ச்சொல் இருக்கிறது.

இருக்கிறது ஐயா, அதுதான் சிக்கலே. நான் மொழிபெயர்ப்பது பெற்றோருக்கான கையேடு. தன் பிள்ளைக்கு "உணர்வுநீக்கம்" செய்யப்போகிறார்கள் என்று படித்தால் எந்தத் தாயும் கையேட்டை மூடிவிடுவார். தவிரவும், உணர்வு மரத்துப்போவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. நோய்க்குரிய பெயரை மருந்துக்கு வைப்பானேன்?

அறையில் நடப்பதைப் பார்ப்போம். விபத்தில் சிக்கிய பிள்ளை, மனத்தை விட்டுப் போகாத அந்த ஒரு காட்சியை நினைத்துக்கொள்கிறது. அதோடு ஒட்டிக்கொண்ட "என்னாலதான் ஆச்சு" என்ற எண்ணத்தையும். எதிரே இருப்பவர் இரண்டு விரலை இடமும் வலமுமாக அசைக்கிறார். தலை திரும்பாமல் கண் மட்டும் பின்தொடர்கிறது. சுமார் அரை நிமிடம். நிறுத்திவிட்டு, "இப்ப என்ன வருது?" வந்ததை வைத்துக்கொண்டே அடுத்த சுற்று. வேதனை எவ்வளவு என்று பெரியவர்களிடம் 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்பார்கள். சின்னப் பிள்ளையென்றால் கையை விரித்துக் காட்டச் சொல்வதுண்டு. சிகிச்சை பலித்தால் அந்த இரு கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிக்கொண்டு வரும். காட்சி அழிவதில்லை, அதன் சூடு தணிகிறது. ஆகவே நீக்கம் வேண்டாம், "தணிப்பு" என்போம்.

"விழியசைவு" மேலும் தகராறு. இச்சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சீன் ஷப்பீரோ (Francine Shapiro) 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண் அங்குமிங்கும் ஓடியதும் தன் மனக்குடைச்சல் குறைந்ததைக் கவனித்தார். பெயர் அங்கே தொடங்கிற்று. ஆனால் பிள்ளைகளிடம் கண்ணை விட்டுவிட்டு முழங்காலில் மாறி மாறித் தட்டுகிறார்கள், காதுக்குக் காது மாற்றி ஒலி கொடுக்கிறார்கள். கண்ணசைவால் தனியாகப் பயன் உண்டா என்று ஆய்வாளர்களிடையே நெடுநாள் சண்டையே நடந்திருக்கிறது. மறுபடி பெயர் வைக்க நேர்ந்தால் "மறுசெயலாக்கச் சிகிச்சை" என்று மட்டும் வைப்பேன் என்று ஷப்பீரோவே பின்னாளில் சொல்லிவிட்டார். பெற்றவரே கைவிட்ட சொல்லை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

"மறுசெயலாக்கம்" ஆலைக்கழிவுக்குப் பொருந்தும். "அவளுக்கு அது இன்னும் செரிக்கல" என்று நாம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்? நினைவு செரிக்காமல் அப்படியே தங்கிவிட்டது என்பதுதான் ஷப்பீரோவின் விளக்கமும். என் முன்மொழிவு: நினைவுச் செரிப்பு. முதலில் "நினைவாற்றுச் சிகிச்சை" என்றுதான் எழுதினேன். புண் ஆறுவதும் சூடு ஆறுவதும் ஒரே சொல்லில் கிடைத்த மகிழ்ச்சி. வரைவைப் படித்த முதல் ஆளே, "பரீட்சைக்கு ஞாபகசக்தி வர்றதுக்கா?" என்று கேட்டார். அடித்துவிட்டேன்.

> "நினைவு மீட்பு" எளிமையாக இல்லையா?

வேண்டாம் அம்மா. மறந்துபோனதைத் தோண்டியெடுப்பதாக ஆகிவிடும். இங்கே நினைவு போகமாட்டேன் என்பதுதானே தொல்லை. நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லிக் குடைவதுமில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இதையும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்தே பரிந்துரைத்தபோது, இரண்டுக்கும் சொன்ன வேறுபாடுகளில் இவையும் உண்டு. பெயர் அந்த வேறுபாட்டைக் கெடுக்கக்கூடாது.

trauma என்பதற்குச் சொல்லப்படும் "மனவடு"வுக்கும் என் வாக்கு இல்லை. வடு, புண் ஆறிய பிறகு தங்குவது. சிகிச்சைக்கு வரும் பிள்ளையிடம் இருப்பது ஆறாத புண். "உளக்காயம்" போதும்.

"செரிப்பு" என்றால் வயிறு ஞாபகம் வரும் என்று யாராவது எழுதுவீர்கள். வரட்டும், முன்னால் "நினைவு" நிற்கிறதே. மருத்துவர்கள் தேடிப் பிடிக்க, முதல் பக்கத்தில் ஒருமுறை ஈ.எம்.டி.ஆர். என்றும் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. 1997இல் பவுலினா சூறாவளி மெக்சிகோவைத் தாக்கியபின், உயிர்பிழைத்தவர்களிடையே பணிபுரிந்த சிகிச்சையாளர் லூசினா ஆர்த்திகாஸ் இதே சிகிச்சைக்காக உருவாக்கிய முறை: கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இடமும் வலமுமாகத் தானே தட்டிக்கொள்வது. அதைப் "பட்டாம்பூச்சி அணைப்பு" என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் வாயில் வருவது அதுதான். தயவுசெய்து யாரும் "வண்ணத்துப்பூச்சி" என்று திருத்தி அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்