கண்ணாடி கழுவும் பிரஷின் எடையைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. தண்ணீர் ஏறும் நீளக் கம்பத்தில் பிரஷைப் பொருத்தி, தரையில் நின்றபடியே மாடி ஜன்னல்களைக் கழுவுகிறேன். கம்பம் கார்பன் ஃபைபர், அதில் குறையில்லை. பிரஷ்தான் பாரம். நுனியில் 100 கிராம் கூடினாலும் மூன்றாம் மாடிக்கு நீட்டும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. நனைந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் கட்டையில் நார்க்கொத்துகளுக்கு இடையே துளை போட்டவர்கள் இருக்கிறீர்களா? நாளடைவில் விரிசல் விடுமா? நடு வரிசை நார்களைப் பிடுங்கினால் அழுக்கு சரியாகப் போகுமா? நாரைக் குட்டையாக வெட்டச் சொல்லாதீர்கள். விறைத்துப்போய் சட்டத்தின் மூலைகளுக்குள் நுழையாது. அப்புறம், பித்தளை ஜெட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டால் தண்ணீர் அதே வேகத்தில் பீய்ச்சுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பேருதவி.